ஆள் இல்லை என்பார்கள், வந்த ஆளை எடுக்க மாட்டார்கள்: கால் சென்டர் கணக்கு

கேள்வி. மார்ச் 3, இரவு 10:14

14 மாதமாக ஒரு கால் சென்டரில் இருக்கிறேன். வாய்ஸ் ப்ராசஸ், அதாவது போனில் பேசும் வேலை. இன்னொரு கம்பெனியில் மூன்று ரவுண்டு இன்டர்வியூ தாண்டிவிட்டேன். நாலாம் நாள் எச்ஆர் போன் செய்து, "உங்க கம்பெனியில இருந்து ஆள் எடுக்கக் கூடாதுன்னு எங்களுக்கு இருக்கு, சாரி" என்று வைத்துவிட்டார். அதே கம்பெனியின் 'உடனடித் தேவை' விளம்பரம் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆள் நிற்கவில்லை என்று அழுகிறவர்கள், வாசலில் வந்து நிற்கும் ஆளை ஏன் திருப்பி அனுப்புகிறார்கள்? இப்படியெல்லாம் செய்ய முடியுமா?

மார்ச் 3, இரவு 11:52

செய்கிறார்கள். எனக்கும் நடந்திருக்கிறது. நானும் ஒருத்தருக்குச் செய்திருக்கிறேன், அதைப் பிறகு சொல்கிறேன். இப்போது ஷிஃப்ட்.

மார்ச் 4, காலை 7:30

முதலில் உங்கள் விஷயம். பெரிய கிளையன்ட் தன் கஸ்டமர் கால் வேலை முழுவதையும் ஒரே வெண்டாரிடம், அதாவது ஒரே கால் சென்டர் கம்பெனியிடம், கொடுப்பதில்லை. இரண்டு மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுப்பான். ஸ்கிரிப்ட் ஒன்று, சாஃப்ட்வேர் ஒன்று, கஸ்டமர் கத்தும் காரணமும் ஒன்று. அங்கே ஆறு வாரம் ட்ரெயினிங் முடித்தவன் இங்கே வந்தால் இரண்டாம் நாளே கால் எடுக்கலாம். அதனால்தான் பயம். அவன் இவன் ஆளை இழுப்பான், இவன் அவன் ஆளை இழுப்பான், சம்பளம் ஏறும், கடைசியில் பில் கிளையன்டிடம் போகும். ஆகவே ஒப்பந்தத்திலேயே ஒரு பத்தி: என் ஆளை நீ தொடாதே, உன் ஆளை நான் தொட மாட்டேன்.

உங்களைத் திருப்பி அனுப்பியது இந்தப் பத்தியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நீங்கள் கையெழுத்துப் போட்ட எந்தத் தாளிலும் இது இருக்காது.

மற்ற தடைகளும் உண்டு. வேலையை விட்டவர் ஆறு மாதமோ ஒரு வருடமோ திரும்ப வரக்கூடாது என்ற கூலிங் பீரியட். ஆயுளுக்கும் சேர்க்காதே என்ற ரீஹயர் பட்டியல். பாண்ட், அதாவது இத்தனை மாதம் நிற்காவிட்டால் பணம் கட்டுவேன் என்ற தாள். மேலிடம் ஆள் எடுப்பதையே நிறுத்தி வைக்கும் ஃப்ரீஸ். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி காரணம் சொல்வார்கள். ஃப்ளோரில் உட்கார்ந்திருப்பவனுக்கு எல்லாமே ஒன்றுதான்: பக்கத்து நாற்காலி காலி.

என்னைப் பற்றிக் கேட்டவருக்கு: மூன்று வருடம் ஏஜென்ட், நாலு வருடம் டீம் லீடர் (டிஎல்), இப்போது ஷெட்யூல் போடும் டெஸ்க். அதாவது எத்தனை பேர் இல்லை என்பதை அரைமணிக்கு ஒருமுறை எண்ணும் வேலை.

மார்ச் 4, மாலை 6:05

"உங்க இடத்துல அட்ரிஷன், அதாவது ஆள் போற விகிதம், எவ்வளவு?" என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் ஃப்ளோரில் ஒரு வருடம் 90 சதவீதத்தைத் தொட்டது. ஒரு வருடத்தில் முழு ஃப்ளோரும் புதுமுகம்.

மார்ச் 4, இரவு 9:40

மேலே எழுதியது தப்பு. ஒருவர் சரியாகப் பிடித்துவிட்டார்: "அப்படின்னா உங்க ஃப்ளோர்ல பழைய ஆளே கிடையாதா?" உண்டு. நிறைய உண்டு. எத்தனை பேருக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், நானே வழுக்கி விழுந்தேன்.

அட்ரிஷன் என்பது வருடத்தில் போனவர்களைச் சராசரித் தலைக்கணக்கால் வகுத்தது. 100 நாற்காலி இருக்கிறது என்று வையுங்கள். 70 நாற்காலியில் வருடம் முழுக்க அதே ஆள். மீதி 30 நாற்காலியில் ஒவ்வொன்றிலும் மூன்று பேர் வந்து மூன்று பேர் போனார்கள். போனவர்கள் 90 பேர். அட்ரிஷன் 90 சதவீதம். ஆனால் எழுபது பேர் அசையவே இல்லை.

அதனால் சதவீதத்தைக் கேட்காதீர்கள், எந்த மாதத்தில் போனார்கள் என்று கேளுங்கள். நான் பார்த்தவரை கொத்துக் கொத்தாகப் போவது ட்ரெயினிங் முடிந்து லைவ் கால் எடுக்க ஆரம்பிக்கும் முதல் மூன்று மாதத்தில்தான். நெஸ்டிங் என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறோம். கூடு கட்டுவதற்கு முன்னாலேயே பறந்துவிடுவார்கள். சில இடங்களில் ட்ரெயினிங்கில் போனவர்களைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. எண் சிறிதாகும், மீட்டிங்கில் கைதட்டுவார்கள்.

கேள்வி கேட்டவர் 14 மாதம் நின்றவர், அதாவது அந்த 70 நாற்காலி ரகம். ஒழுகும் பாத்திரத்தில் ஒழுகாத பக்கத்தைப் போய் அடைத்திருக்கிறார்கள்.

மார்ச் 5, காலை 8:12

ஃப்ரீஸ் பற்றிக் கேட்டவருக்கு. "ஆளை வெளியேத்தலையே, போறவங்க இடத்தை நிரப்பாம விடறோம், அவ்வளவுதானே, அதுல என்ன கொடுமை?" நியாயமான கேள்விதான். பதில் சொல்ல ஒரு டேனிஷ்காரரைக் கூப்பிட வேண்டும்.

ஏ. கே. எர்லாங். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த கணிதக்காரர். 1909இல் முதல் கட்டுரை, 1917இல் இன்றைக்கும் நாங்கள் கும்பிடும் சூத்திரங்கள். எங்கள் டெஸ்கில் தினமும் ஓடுவது அவருடைய கணக்குதான். கால் சென்டர் என்ற சொல்லே இல்லாத காலத்தில் போட்டுவைத்துவிட்டுப் போனார்.

கணக்கு இது. அரை மணியில் 100 கால் வருகிறது. ஒரு காலுக்குச் சராசரி 3 நிமிடம். அப்படியானால் எந்த நேரத்திலும் 10 பேருக்கான பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். 10 பேர் போட்டால் க்யூ வளர்ந்துகொண்டே போகும், தீராது. 14 பேர் போட்டால் 20 நொடிக்குள் எடுக்கப்படும் கால் 100இல் கிட்டத்தட்ட 89. நூற்றுக்கு 80 காலை 20 நொடிக்குள் எடுப்பது தொழிலில் பலரும் வைத்துக்கொள்ளும் இலக்கு, ஆகவே 14 சொகுசு. இனி ஒவ்வொருவராகப் பேப்பர் போடட்டும்.

13 பேர்: சுமார் 80. பரவாயில்லை, யாரும் கவனிக்கவில்லை.
12 பேர்: 64.
11 பேர்: 39.

14இல் மூன்று பேர் போனால் ஐந்தில் ஒரு பங்கு போனது. சர்வீஸ் பாதிக்கும் கீழே விழுந்துவிட்டது. சராசரிக் காத்திருப்பு 8 நொடியிலிருந்து 2 நிமிடத்துக்கு ஏறிவிட்டது. இது கஸ்டமர் பக்கம். இந்தப் பக்கம் என்ன ஆனது என்று பாருங்கள்: 14 பேர் இருந்தபோது ஒருவருக்கு மணிக்குச் சுமார் 17 நிமிடம் காலுக்கும் காலுக்கும் நடுவே சும்மா இருக்கக் கிடைத்தது. 11 பேரில் ஐந்தரை நிமிடம். அதையும் ஒன்றாகச் சேர்த்துக் கொடுப்பதில்லை, காலுக்கு 18 நொடி என்று நறுக்கிப் பரப்பிவைத்திருக்கிறார்கள்.

அந்த 18 நொடியில் என்ன செய்யலாம் என்று உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்கலாம். குடிப்பதற்குள் காதில் பீப்.

மூன்று பேர் தாங்களாகவே போனார்கள், யாரையும் அனுப்பவில்லை, உண்மை. ஆனால் நாலாவது ஆளை அனுப்பியது அந்தக் காலி நாற்காலிதான். அவர் ராஜினாமாக் கடிதத்தில் 'சொந்தக் காரணம்' என்று எழுதுவார். நாங்கள் அதை அப்படியே எக்செலில் ஏற்றுவோம்.

மார்ச் 5, மதியம் 1:20

சூத்திரம் தெரிந்தவர் ஒருவர் வந்துவிட்டார். "எர்லாங் சி-யில் (நீங்கள் போட்ட கணக்கின் சூத்திரம்) யாரும் போனை வைக்க மாட்டார்கள், எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பார்கள் என்று அனுமானம். நிஜத்தில் நிறையப் பேர் வைத்துவிடுவார்கள். 39 வரை விழும் என்று நீங்கள் சொல்வது மிகை."

சரிதான். வைத்துவிட்டுப் போகிறவர்கள் க்யூவைக் குறைத்துவிடுவார்கள், ஆகவே நிஜ எண் இதைவிடக் கொஞ்சம் நன்றாகவே வரும். ஆனால் வைத்தவர் எங்கே போகிறார்? பத்து நிமிடம் கழித்து மறுபடி அடிப்பார், இந்தமுறை கோபத்தோடு. அந்தக் கால் 3 நிமிடத்தில் முடியாது. முதல் ஒரு நிமிடம் காத்திருந்த கதை. இதை எந்தச் சூத்திரத்தில் போடுவது? எர்லாங் காலத்தில் 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்' என்று சொல்ல ரெக்கார்டிங் இல்லை, பாக்கியசாலி.

மார்ச் 6, காலை 9:00

சட்டம் கேட்டு நாலு பேர். நான் வக்கீல் இல்லை. ஆனால் எனக்கு நடந்தபோது தோண்டிப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு விஷயத்தைக் குழப்பாதீர்கள். ஒன்று, நீங்கள் கையெழுத்திடுவது: வேலையை விட்டபின் போட்டிக் கம்பெனிக்குப் போகமாட்டேன். இரண்டு, கம்பெனிகள் தங்களுக்குள் போட்டுக்கொள்வது: உன் ஆளை எடுக்கமாட்டேன்.

முதலாவதில் சில இடங்களில் சட்டம் உங்கள் பக்கம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 27: ஒருவர் சட்டப்படியான தொழிலைச் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. மலேசியாவின் 1950 சட்டத்தில் பிரிவு 28, கிட்டத்தட்ட அதே வாசகம். கலிஃபோர்னியாவிலும் 1872இல் இருந்தே இதே விதி. கடல் தாண்டி இரண்டு இடத்தில் ஒரே வருடம், ஒரே கருத்து. தற்செயல் இல்லை, இரண்டுக்கும் மூலம் டேவிட் டட்லி ஃபீல்ட் என்ற நியூயார்க் வக்கீல் எழுதிய சட்ட வரைவு. அமெரிக்கா முழுவதற்கும் இப்படி ஒரு தடை கொண்டுவர 2024 ஏப்ரலில் எஃப்டிசி என்ற அமெரிக்க வர்த்தக ஆணையம் விதி போட்டது, அது நடைமுறைக்கு வருமுன் ஆகஸ்டில் டெக்சாஸ் நீதிமன்றம் நிறுத்திவிட்டது.

இரண்டாவதுதான் உங்கள் கேஸ். இதில் புகழ்பெற்றது கால் சென்டர் இல்லை, சாஃப்ட்வேர் பெரும்புள்ளிகள். ஒருவர் ஆளை ஒருவர் கூப்பிட்டு இழுப்பதில்லை என்று பேசிவைத்திருந்ததாக ஆப்பிள், கூகுள், இன்டெல், அடோபி உள்ளிட்ட கம்பெனிகள் மீது 2010இல் அமெரிக்க அரசின் நீதி அமைச்சகம் வழக்குப் போட்டுச் சமரசத்தில் முடித்தது. பிறகு ஊழியர்கள் தொடுத்த வழக்கில் இந்த நாலு கம்பெனியும் சேர்ந்து 41.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டன, 2015இல் நீதிமன்றம் ஏற்றது. 2016இல் அரசுத் தரப்பில், இப்படி வெறுமனே ஆள் எடுக்காமல் இருக்கப் பேசிக்கொள்வதைக் கிரிமினல் குற்றமாகவே நடத்துவோம் என்று அறிவித்தார்கள்.

'வெறுமனே' என்ற சொல்லில்தான் பிடி. நிஜமான ஒரு வியாபார ஒப்பந்தத்தின் துணைப் பத்தியாக, அதற்குத் தேவையான அளவில் இருந்தால் அதை வேறு மாதிரிப் பார்ப்பார்கள். வெண்டார் ஒப்பந்தப் பத்தி இந்தக் குடைக்குள் ஒதுங்கப் பார்க்கும். அதோடு, பிரிவு 27ஐ எடுத்துக்கொண்டு எங்கே போவீர்கள்? கையெழுத்துப் போட்ட தாள் என்றால் வக்கீலிடம் காட்டலாம். இது நீங்கள் கண்ணால் பார்க்காத தாள். எச்ஆர் வாய்தவறிச் சொன்னதால்தான் இப்படி ஒன்று இருப்பதே உங்களுக்குத் தெரியும். ஆகவே உடனே செய்ய வேண்டியது ஒன்றுதான்: மறுத்த காரணத்தை மெயிலில் கேளுங்கள். எழுத்தில் வந்தால் ஆதாரம்.

மார்ச் 6, இரவு 11:15

தலைப்பை விட்டுக் கொஞ்சம் விலகுகிறேன். "பழைய காலத்தில் ஆட்கள் நின்றார்கள்" என்று ஒருவர் பெருமூச்சு விட்டிருக்கிறார்.

முதல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளில் வேலைக்கு வைத்தது பையன்களை. தந்தி ஆபீசில் ஓடியாடிய விடலைகள். போன் செய்தவர்களைத் திட்டினார்கள், லைனை மாற்றிக் கொடுத்து வேடிக்கை பார்த்தார்கள். 1878 செப்டம்பர் 1, பாஸ்டனில் எம்மா நட் என்ற பெண் வேலைக்குச் சேர்ந்தார். உலகின் முதல் பெண் டெலிபோன் ஆபரேட்டர். முப்பது வருடத்துக்கு மேல் அதே வேலையில் இருந்தார். என் எக்செலில் அவரைப் போட்டால் ஃபார்முலா உடைந்துவிடும்.

ஆனால் அவரை வைத்து அந்தக் காலத்தைப் புகழ வேண்டாம். பின்னால் பிரிட்டனில் எக்ஸ்சேஞ்சை நடத்திய தபால் துறையில், ஆபரேட்டர் பெண் கல்யாணம் செய்துகொண்டால் வேலையை விட்டுவிட வேண்டும். அரசுப் பணியில் அந்த விதி 1946 வரை இருந்தது. வேலை நன்றாகத் தெரிந்த ஆளை விதி போட்டு வெளியேற்றிவிட்டு, புதுப்பெண்ணுக்கு முதலிலிருந்து ட்ரெயினிங். இன்றைக்குக் கல்யாணத்துக்குப் பதில் கூலிங் பீரியட்.

மார்ச் 7, காலை 6:48

ஷிஃப்ட் முடிந்தது. முதல் நாள் பிறகு சொல்கிறேன் என்றதைச் சொல்லிவிடுகிறேன்.

டீம் லீடராக இருந்தபோது என் டீமில் ஒரு பெண். கத்துகிற கஸ்டமரைக் குரலைக் குறைத்தே அடக்குவார். அவர் குரல் இறங்க இறங்க எதிர்முனையும் இறங்கும், பக்கத்தில் நின்று கேட்டால் ரேடியோவில் வால்யூம் குறைப்பது போல இருக்கும். வீட்டில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பகல் ஷிஃப்ட் கேட்டார். மூன்று ரோஸ்டரில் பெயரைப் போட்டு அனுப்பினேன், மூன்றிலும் அடித்துத் திருப்பினார்கள். ஒரு நாள் லாக்-இன் ஆகவில்லை. மறுநாளும் இல்லை. சிஸ்டத்தில் 'அப்ஸ்காண்டிங்'. நோட்டீஸ் கொடுக்காமல் போனவர்களுக்கு எங்கள் மொழியில் அதுதான் பெயர், ஏதோ நகையைத் தூக்கிக்கொண்டு ஓடியது போல.

எக்சிட் ஃபார்மில் கடைசி வரி: மீண்டும் வேலைக்கு எடுக்கலாமா? ஆம், இல்லை. இரண்டு சின்னக் கட்டம். "நோட்டீஸ் சர்வ் பண்ணாத எல்லாருக்கும் நோ போடு, ஒரே ரூல்" என்றார் மேனேஜர். போட்டேன். அரை நொடி வேலை. அன்றைக்கு க்யூவில் 23 கால் காத்திருந்தது, நினைவிருக்கிறது. கட்டம் பற்றி யோசித்ததாக நினைவில்லை.

இரண்டு வருடம் கழித்து அவரே விண்ணப்பம் போட்டார், அதே ப்ராசஸுக்கு. பகல் ஷிஃப்ட் அப்போது வந்துவிட்டிருந்தது. ரெக்ரூட்டர் என்னிடம் வந்து, "உங்க பழைய ஆள்தான், ஆனா சிஸ்டம் ரிஜெக்ட் அடிக்குது, யாரோ நோ போட்டிருக்காங்க" என்றார். யாரோ. நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு மாற்ற முடியுமா என்று கேட்டேன், ஃபார்மை நிரப்பியவருக்கே அதை மாற்றும் உரிமை இல்லையாம். அந்த ஒரு நாற்காலிக்கு 19 ஃப்ரெஷர்களை இன்டர்வியூ செய்தேன். எடுத்த பையன் ஏழாவது வாரம் ஹெட்செட்டை மேசையில் மடக்கி வைத்துவிட்டுப் போனான்.

அவருக்குப் போன் செய்து சொன்னேன், நான்தான் போட்டேன் என்று. சிரித்தார். "தெரியும் அண்ணா. வேற யார் போடுவாங்க, நீங்கதானே டிஎல்."

மார்ச் 7, மாலை 5:30

"அப்போ எல்லாரையும் திரும்ப எடுக்கணுமா? டேட்டா திருடினவனையுமா?"

இல்லை. கஸ்டமரின் கார்டு எண்ணைக் காகிதத்தில் எழுதி எடுத்துப்போன ஒருவனை நானே பிடித்துக் கொடுத்திருக்கிறேன். அவனுக்கு ஆயுள் தடை சரி. ஃப்ளோருக்குள் பேனா கூடாது என்று விதி வைத்திருப்பதே அவனைப் போன்றவர்களால்தான்.

என் சண்டை என்னவென்றால், அவனுக்கும் அந்தப் பெண்ணுக்கும் சிஸ்டத்தில் இருப்பது ஒரே கட்டம், ஒரே 'இல்லை'. காரணம் எழுத இடமே இல்லை. இரண்டு வருடம் கழித்துப் பார்க்கும் ரெக்ரூட்டருக்கு இருவரும் ஒரே சிவப்பு வரி.

கம்பெனி பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆறு வாரம் சம்பளம் கொடுத்துப் பழக்கிய ஆளை அடுத்தவன் ஏழாம் வாரம் இழுத்துக்கொண்டால் எரியத்தான் செய்யும். சின்ன வெண்டார் இதிலேயே மூழ்கிப்போவான். ஆனால் நான் பார்த்தவரை ஏழாம் வாரம் போகிறவர்களில் பெரும்பாலோர் அடுத்த கால் சென்டருக்குப் போவதில்லை. கால் சென்டரே வேண்டாம் என்று போகிறார்கள். அவர்களை எந்தப் பத்தி தடுக்கும்?

மார்ச் 8, காலை 10:10

தடையை எப்படித் தாண்டுகிறார்கள் என்று கேட்ட தம்பிக்கு: அனுபவத்தை மறைத்து ஃப்ரெஷர் என்று வருவார்கள். ட்ரெயினர்களுக்கு முதல் மாக் காலிலேயே (பழகுவதற்கான பொய்க் கால்) தெரிந்துவிடும். நிஜ ஃப்ரெஷர் தும்மல் வந்தால் கஸ்டமர் காதிலேயே தும்முவான். இவன் கை தானாக மியூட்டுக்குப் போகும். 'ஹோல்டில் வைக்கலாமா' என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிஜமாகவே காத்திருப்பான். ட்ரெயினர் பார்ப்பார், இவனும் பார்ப்பான், இருவரும் ஒன்றும் பேசமாட்டார்கள். இரண்டு வருட அனுபவத்துக்கு ஃப்ரெஷர் சம்பளம், கூடவே பிடிபடுவோமோ என்ற பயம். இதை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். பின்னணிச் சரிபார்ப்பில் மாட்டினால் அதே சிவப்பு வரிதான், இந்தமுறை நியாயமாகவே.

மார்ச் 8, இரவு 10:02

"சம்பளத்தைக் கூட்டினால் எல்லாம் சரியாகும்" என்பவருக்கு: பாதி. ஆர்லி ஹாக்ஷீல்ட் என்ற சமூகவியலாளர் 1983இல் உணர்ச்சி உழைப்பு என்று ஒன்றைச் சொன்னார். விமானப் பணிப்பெண்களையும், கடன் வசூலிப்பவர்களையும் பார்த்து எழுதியது. ஒருவர் மனதில் இல்லாத கனிவைக் காட்ட வேண்டும், இன்னொருவர் மனதில் இல்லாத கடுமையை. எங்கள் ஆள் ஒரே ஷிஃப்டில் இரண்டையும் செய்வார். அதற்கு மணிக்கு 17 நிமிடம் மூச்சு இருந்தால் தாங்கும். ஐந்தரை என்றால் எந்தச் சம்பளத்துக்கும் ஒரு தேதி இருக்கிறது.

மார்ச் 19, காலை 7:55

கேள்வி கேட்டவர் தனிச்செய்தி அனுப்பியிருந்தார், இங்கே போடச் சொல்லி அனுமதி கொடுத்தார். மறுத்த காரணத்தை மெயிலில் கேட்டாராம். 'தற்போது பொருத்தமான இடம் இல்லை' என்று பதில். அவருக்கு மெயில் வந்த அன்றே விளம்பரம் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறார். வேறு கிளையன்ட் வேலை செய்யும் ஒரு இடத்தில் வேலை கிடைத்துவிட்டது, 14 மாத அனுபவத்தைச் சொல்லியே. முறையாக நோட்டீஸ் கொடுத்துவிட்டுத்தான் போகிறார். எக்சிட் ஃபார்மில் அவருடைய டிஎல் எந்தக் கட்டத்தில் போடுகிறார் என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 22, காலை 6:30

"உங்க இடத்துல அந்தக் கட்டம் என்ன ஆச்சு?" என்று இன்னும் கேட்கிறீர்கள். மார்ச் 12ஆம் தேதி எச்ஆர் போர்ட்டலில் ஒரு டிக்கெட் போட்டேன்: ரீஹயர் வரியில் 'இல்லை' என்று போட்டால் காரணம் எழுதுவது கட்டாயம் ஆக வேண்டும், நோட்டீஸ் கொடுக்காதது ஒரு வருடத்தில் தானாக அழிய வேண்டும். மூன்றாவது நாள் 'பரிசீலனையில்' என்று மாறியது. பத்தாவது நாள் அந்த டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பேப்பர் போட்டுவிட்டார். அவர் இடத்துக்கு ஆள் எடுக்க ஃப்ரீஸ். டிக்கெட் 41 நாளாக ஓப்பன்.